எழுபது சதவீதம் என்று மருத்துவர் சொல்வதன் பொருள் என்ன?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மூன்று மாதங்களாக அவ்வப்போது வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. ஸ்கேன் செய்ததில் வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 12 மில்லிமீட்டர் கல் இருப்பதாகத் தெரிந்தது. பிறகு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டில் 'எச்.யு. 870' என்று இருக்கிறது. ஒரு மருத்துவர், அதிர்வலை கொடுத்து உடைத்துவிடலாம், வெற்றி வாய்ப்பு எழுபது சதவீதம் என்கிறார். இன்னொருவர், முதுகில் சிறு துளையிட்டு எடுப்பதே மேல் என்கிறார். எழுபது சதவீதத்தை நம்பிக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா? அதிர்வலையால் சிறுநீரகம் கெட்டுவிடுமா? வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்க்கலாமா? நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். கணவரின் அண்ணனுக்கும் சிறுவயதிலிருந்தே கல் தொந்தரவு உண்டு, இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் முதலில் எழுதியிருக்கும் எழுபது சதவீதத்தைவிட, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன. அவற்றுக்கு வருவதற்கு முன், அந்த எழுபது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரிந்தால்தான் அதற்குள் எது அடங்கவில்லை என்பது விளங்கும்.

அதிர்வலைச் சிகிச்சை முதன்முதலில் ஒரு மனிதருக்கு 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் செய்யப்பட்டது. விமானங்கள் கட்டும் டோர்னியர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அதிர்வலைகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கருவி அது. சில ஆண்டுகளிலேயே குழந்தைகளுக்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். உடலுக்கு வெளியே உண்டாக்கப்படும் அலை, நீர் நிறைந்த நம் திசுக்களின் வழியே பெரிய தடையின்றிச் சென்று, கல்லின் மேல் குவிந்து அதை நொறுக்குகிறது. கத்தி படுவதில்லை, துளையும் இல்லை. ஆனால் இந்தச் சிகிச்சை வெற்றி பெற இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். கல் உடைய வேண்டும், உடைந்த துகள்கள் முழுவதும் சிறுநீரோடு வெளியே போக வேண்டும். முதலாவதைக் கருவி செய்கிறது. இரண்டாவதைக் குழந்தையின் உடல்தான் செய்தாக வேண்டும். வெற்றியைக் கணிக்கிறோம் என்று நாங்கள் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே கணிக்கிறோம்.

இரண்டாவது காரியத்தில் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். அவர்களின் சிறுநீர்க்குழாய் நீளத்தில் குறைந்தது, நன்றாக நெகிழ்ந்து கொடுப்பது. பெரியவருக்கு வழியில் சிக்கிக்கொள்ளும் அளவுள்ள துகளைக்கூடக் குழந்தை எளிதாக வெளியேற்றிவிடும். தோலுக்கும் கல்லுக்கும் இடையிலான தூரமும் குறைவு என்பதால் அலை வலிமை இழக்காமல் கல்லை அடைகிறது. ஆகவே, உறவினர் ஒருவருக்கு அதிர்வலை பலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதை உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

இனி எண்களுக்கு வருவோம். ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் குழந்தைகளுக்கான முடிவுகளைத் தொகுத்துச் சொல்கின்றன. கல் 1 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஏறக்குறைய 90 சதவீதக் குழந்தைகளுக்கும், 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை இருந்தால் 80 சதவீதக் குழந்தைகளுக்கும், 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் 60 சதவீதக் குழந்தைகளுக்கும் கல் முழுவதும் நீங்குகிறது. இந்தக் கணக்கில் உங்கள் மகன் 80 சதவீத வரிசையில் நிற்கிறான். ஆனால் கல் இருக்கும் இடத்தைக் கொண்டு பார்த்தால் கணக்கு மாறுகிறது. சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர் சிறு கிண்ணங்கள் போன்ற அறைகளில் சேர்ந்து, அங்கிருந்து புனல் போன்ற நடுப்பகுதிக்கு வந்து, குழாயில் இறங்குகிறது. புனலில் உள்ள கல் உடைந்தால் துகளுக்கு இறங்குவழி நேராக இருக்கிறது. கீழ்க்கிண்ணத்தில் உள்ள கல் உடைந்தாலோ, கிணற்றின் அடியில் தங்கிய மணலைப் போலத் துகள் அங்கேயே கிடந்துவிடும். அது மேலே ஏறித்தான் வெளியேற வேண்டும். கீழ்க்கிண்ணக் கற்களுக்கு அதே நெறிகள் சொல்லும் வெற்றி 50 முதல் 62 சதவீதம் வரைதான். உங்கள் மருத்துவர் சொன்ன எழுபது, அளவு தரும் எண்பதுக்கும் இடம் தரும் ஐம்பது அறுபதுக்கும் நடுவே நிற்கிறது. அவர் மனம்போனபடி சொன்ன எண் அல்ல அது.

இப்படித் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் கணிக்கும் அட்டவணைகளும் உண்டு. குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் அதிகம் காணப்படும் நாடுகளில் துருக்கியும் ஒன்று. அந்நாட்டு மருத்துவர்கள் தாங்கள் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்த குழந்தைகளின் பதிவுகளைத் திரட்டி 2013-இலும் 2015-இலும் இரண்டு கணிப்பு அட்டவணைகளை வெளியிட்டார்கள். குழந்தையின் வயது, கல்லின் அளவு, கல் இருக்கும் இடம், அதே சிறுநீரகத்தில் முன்பு ஏதேனும் சிகிச்சை நடந்ததா என்பன போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால் ஒரு சதவீதம் கிடைக்கும். நானும் என் அறையில் இவற்றைப் பயன்படுத்துகிறேன். பெற்றோரிடம் பேசும்போது எனக்குப் பிடித்த சிகிச்சையை உயர்த்திச் சொல்லிவிடாமல் இவை என்னைக் கட்டிவைக்கின்றன.

ஆனால் சதவீதத்தைக் கேட்டவுடன் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, எத்தனை அமர்வில் எழுபது? ஒரே அமர்வில் எழுபது என்பதும், மூன்று அமர்வுகள் முடிந்தபின் எழுபது என்பதும் முற்றிலும் வேறானவை. உங்கள் மகன் வயதில் அசையாமல் படுத்திருக்க முடியாது என்பதால் ஒவ்வோர் அமர்வுக்கும் மயக்க மருந்து தேவைப்படும். எனவே அமர்வுகளின் எண்ணிக்கை என்பது மயக்க மருந்தின் எண்ணிக்கையும்தான். இரண்டு, எதை வெற்றி என்று கணக்கிடுகிறார்கள்? சில ஆய்வுகளில் ஒரு துகள்கூட மிஞ்சாமல் இருந்தால்தான் வெற்றி. வேறு சிலவற்றில் 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் மிஞ்சியிருந்தாலும் அதை வெற்றி என்றே எழுதிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். ஒரு குழந்தைக்கு முன்னால் இன்னும் எழுபது ஆண்டுகள் இருக்கின்றன, மிஞ்சிய துகள் விதையாக நின்று மறுபடியும் கல்லாக வளரப் போதிய காலம் அதற்கு உண்டு. அதனால் குழந்தைகளின் விஷயத்தில் 'பொருட்படுத்தத் தேவையில்லாத துகள்' என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மட்டுமே அதை வெற்றி என்று எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 'எச்.யு. 870' என்பது ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. சி.டி. படத்தில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பதன் அளவு அது. தண்ணீருக்கு அது சுழியம். யூரிக் அமிலக் கல் சில நூறு அலகுகளில் நின்றுவிடும், இறுகிப்போன கால்சியம் ஆக்சலேட் கல் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளிலும், ஆயிரத்துக்குக் கீழே உள்ள கற்கள் நன்றாக உடைகின்றன, ஆயிரத்தைத் தாண்டியவை பெரும்பாலும் முரண்டு பிடிக்கின்றன என்பது தெரியவந்திருக்கிறது. அந்த வகையில் 870 நமக்கு அனுகூலமான எண் என்றே தோன்றும். இந்த எண்ணுக்காக மட்டும் ஒரு குழந்தைக்கு சி.டி. எடுக்கச் சொல்ல மாட்டேன், அந்தக் கதிர்வீச்சு குழந்தை உடலுக்குச் சிறிய விஷயம் அல்ல. ஆனால் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள், இன்னொரு மருத்துவமனைக்குப் போகும்போது புதிதாக எடுக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன்.

கணவரின் அண்ணனுக்குச் சிறுவயதிலிருந்தே கல், இரண்டு முறை அறுவை சிகிச்சை. நீங்கள் இருவரும் நெருங்கிய சொந்தம். உங்கள் பிள்ளைக்கு 6 வயதிலேயே 12 மில்லிமீட்டர் கல். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது சிஸ்டினூரியா என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்காமல் நான் எந்தச் சிகிச்சைக்கும் தேதி குறிக்க மாட்டேன். சிஸ்டின் என்பது புரதத்திலிருந்து வரும் ஒரு பொருள். சிறுநீரகம் வடிகட்டிய பிறகு அதை மறுபடி உடலுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் அது நடப்பதில்லை. சிறுநீரில் கரையாமல் மிஞ்சும் சிஸ்டின் படிகமாகி, கல்லாகித் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வெளிப்படும். ஒன்று மட்டும் உள்ளவர்கள் பொதுவாக நோய் இல்லாமலே வாழ்ந்துவிடுவார்கள், தங்களிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சொந்தத்தில் மணம் முடிக்கும்போது ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அந்த மரபணு இரண்டு கிளைகளிலும் இறங்கி, பேரப்பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. உங்களையோ உங்கள் கணவரையோ யாரும் இதை வைத்துக் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஏன் முக்கியம் என்றால், சிஸ்டின் கல் சி.டி.யில் பார்க்கும்போது அவ்வளவு கடினமாகத் தெரியாது. அதன் எண் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழேதான் இருக்கும், 870-ம் அதற்குள் அடங்கும். ஆனால் அதிர்வலைக்கு அது எளிதில் உடைவதில்லை. சீரான, பிசின் போன்ற அதன் உள்ளமைப்பு அலையைத் தாங்கிக்கொள்கிறது. ஆக, நமக்கு அனுகூலம் என்று நினைத்த அதே எண் நம்மை ஏமாற்றவும் கூடும். பெரியப்பாவின் கதையை அந்த எண்ணிலோ நான் சொன்ன மதிப்பெண்களிலோ படிக்க முடியாது. உங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், நீங்களாகவே அதை எழுதியதற்கு நன்றி.

செய்ய வேண்டிய சோதனை எளியது. காலையில் முதலில் போகும் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் அறுகோண வடிவப் படிகங்கள் தெரியலாம், தெரிந்தால் அதுவே உறுதி. தெரியாவிட்டாலும் சிறுநீரில் சிஸ்டின் அளவைச் சோதித்துவிட வேண்டும். அதோடு கால்சியம், அதோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட், கல் சேர்வதைத் தடுக்கும் சிட்ரேட், யூரிக் அமிலம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சலேட்டை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அதை மிகையாக உண்டாக்கும் இன்னொரு பரம்பரை நோயும் இதே வகையில் குடும்பங்களில் இறங்கும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். பெரியப்பாவுக்கு எடுத்த கல்லை எங்காவது பகுப்பாய்வு செய்திருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே ஒரு வரி இருந்தாலும் அது பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சோதனைகளில் சிஸ்டின் இல்லை, ஆக்சலேட்டும் அளவுக்குள் இருக்கிறது என்று வந்தால், அதிர்வலையை முதலில் முயல்வதே சரி என்பது என் கருத்து. 12 மில்லிமீட்டர், 870 அலகு, மெலிந்த உடல், இதுவரை கைபடாத சிறுநீரகம் ஆகியவை துணை நிற்கின்றன, கீழ்க்கிண்ணம் என்ற ஒன்றுதான் எதிர்நிற்கிறது. ஆனால் முதல் அமர்வுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் கல் விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தால், அடுத்தடுத்து அலை கொடுத்துக்கொண்டே போகாதீர்கள். முதல் அமர்வில் கல் எப்படி நடந்துகொண்டது என்பது எந்த அட்டவணையையும்விட நல்ல கணிப்பு. நன்றாகத் துகளாகி, கொஞ்சம் மட்டும் மிஞ்சியிருந்தால் இரண்டாவது அமர்வு நியாயம். அசையவே இல்லையென்றால் வழியை மாற்றுவதுதான் குழந்தைக்குச் செய்யும் நன்மை.

சிஸ்டின் இருக்கிறது என்று வந்தால் உங்கள் இரண்டாவது மருத்துவரின் யோசனையின் பக்கம் நான் சாய்வேன். முதுகில் சிறு துளையிட்டு மெல்லிய கருவியால் எடுக்கும் முறையில் கல்லின் கடினம் ஒரு பொருட்டல்ல, பெரும்பாலும் ஒரே முறையில் முழுவதும் நீங்கிவிடும். இரத்தக்கசிவுக்குச் சிறிது வாய்ப்பு உண்டு, சில நாட்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும். சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் குழாய்க் கருவியைச் செலுத்தி லேசரால் பொடியாக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் 6 வயதுப் பிள்ளையின் குழாய் குறுகலாக இருந்தால் முதலில் அதை விரியச் செய்யும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை உள்ளே வைத்து, சில வாரம் பொறுத்து, பிறகு செய்ய வேண்டிவரும். அதாவது குறைந்தது இரண்டு மயக்க மருந்து. சிகிச்சைக்குப் பின்னர் நிறையத் தண்ணீர், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட், உப்பைக் குறைத்தல் என்று நெடுங்காலக் கவனம் தேவை. அது சிரமம்தான், ஆனால் செய்ய முடிந்தது.

சிறுநீரகம் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலை பட்ட இடத்தில் சிறிது கன்றிப்போகும், ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவந்து வரலாம், முதுகுத் தோலில் லேசான சிவப்புத் தடம் தெரியலாம். சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், சிறுநீரகத்தின் வளர்ச்சியிலோ செயல்பாட்டிலோ நிலையான பாதிப்பு இருப்பதாகச் சொல்லவில்லை. இருந்தாலும் குறைந்த விசையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவது, நிமிடத்துக்கு 60 முதல் 90 என்ற நிதானமான வேகத்தில் கொடுப்பது, நுரையீரலுக்கு அலை போகாதபடி மறைப்பது ஆகியவற்றில் கவனம் வேண்டும். நிதானமாகக் கொடுத்தால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு, கல்லும் நன்றாக உடையும். அதனால்தான் கருவியின் பெயரைவிட, குழந்தைகளுக்கு அடிக்கடி செய்து பழகிய கையா என்பதை விசாரிக்கச் சொல்கிறேன். சிகிச்சைக்கு முன் சிறுநீரில் கிருமி இல்லை என்று கல்ச்சர் சோதனையில் தெரிந்திருக்க வேண்டும், இரத்தம் உறைவதில் கோளாறு இருக்கக் கூடாது, கல்லுக்குக் கீழே குழாயில் அடைப்பு இருக்கக் கூடாது. இம்மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அதிர்வலை தள்ளிப்போக வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் சிறுநீரை ஒரு மெல்லிய துணியில் வடித்துத் துகள்களைச் சேர்த்து வையுங்கள். எவ்வளவு சிறியதானாலும் அதைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க வேண்டும். உடைந்த துகள்கள் குழாயில் வரிசையாக அடைத்துக்கொள்வதும் உண்டு. வலி தாங்காமல் பிள்ளை துடித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குறிப்பாகக் குளிர்காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்வது சில மணி நேரத்தில் ஆபத்தாகிவிடும்.

வாழைத்தண்டுச் சாற்றால் 12 மில்லிமீட்டர் கல் கரையாது. சமையலில் வழக்கம்போலச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். எலுமிச்சையில் சிட்ரேட் இருக்கிறது, உப்புப் போடாமல் கொடுக்கலாம். பாலை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வளரும் பிள்ளைக்குக் கால்சியம் வேண்டும், உணவில் அதைக் குறைத்தால் ஆக்சலேட் கூடுதலாக உடலில் ஏறும். குறைக்க வேண்டியது ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தின்பண்டங்களில் உள்ள உப்பை. தண்ணீர் விஷயத்தில் பள்ளிக்கூடத்தைத்தான் கவனிக்க வேண்டும். கழிப்பறை அசுத்தம் என்பதால் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகளை என் அறையில் வாராவாரம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது. வகுப்பு ஆசிரியரை நேரில் சந்தித்து, இவன் கேட்கும்போதெல்லாம் வெளியே அனுப்ப வேண்டும் என்று மருத்துவரின் கடிதத்தோடு சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆகவே இந்த வாரம் சிகிச்சைக்குத் தேதி வாங்க வேண்டாம், சிறுநீர்ச் சோதனைக்குக் கொடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாமல், சிறுநீரகம் வீங்கவில்லை என்று ஸ்கேனும் சொன்னால், ஒன்றிரண்டு வாரம் பொறுப்பதால் எதுவும் கெட்டுவிடாது. முடிவு வந்ததும் இரண்டு மருத்துவர்களிடமும் அந்தத் தாளைக் காட்டி, அதன் பிறகும் எழுபது என்றுதான் சொல்கிறார்களா என்று கேளுங்கள். மகனுக்குச் சிஸ்டினோ மிகையான ஆக்சலேட்டோ உறுதியானால், உங்கள் மூன்று வயது மகளின் சிறுநீரையும் அதே நாளில் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு வலியோ கல்லோ இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். ஊசி தேவையில்லை, ஒரு சிறு புட்டிச் சிறுநீர் போதும்.